கிறுக்கலைத் திருத்தலாமா? மூன்றரை வயதுக் குழந்தையின் ஓவியம் பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு 3 வயது 8 மாதம். இந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்ந்திருக்கிறாள். ஆப்பிள் படத்துக்குச் சிவப்பு வண்ணம் தீட்டச் சொன்ன தாளில் கோட்டைத் தாண்டித் தீட்டிவிட்டாள் என்று பள்ளி நாட்குறிப்பில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் தாள் கொடுத்தாலும் கிறுக்கல்தான். நீங்கள் யூடியூப் பார்த்து மயிலும் மீனும் வரைந்து காட்டினீர்கள். இரண்டு நாள் ஆசையாகப் பார்த்தவள், மூன்றாம் நாளிலிருந்து "எனக்கு வராது, நீயே போடும்மா" என்று கிரேயானை உங்கள் கையில் திணித்துவிடுகிறாள். ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா, ஓவியத்தின் வழியாகக் கற்பனைத் திறன் வளர வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வகுப்பு இப்போது வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் எழுதியவற்றுள் கோட்டைத் தாண்டுவதும் கிறுக்குவதும் அந்த வயதுக்கே உரியவை. அவற்றுக்காக ஒரு நாள்கூடத் தூக்கம் கெட வேண்டியதில்லை. என் கண்ணை உறுத்தியது "எனக்கு வராது" என்ற சொல்தான். மழலையர் வகுப்பிலும் பிறகு ஆசிரியர் பயிற்சியிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். முன்பெல்லாம் இந்தச் சொல்லை இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம்தான் கேட்பேன். இப்போது நான்கு வயது நிரம்பாத குழந்தைகள் சொல்கிறார்கள். அவர்களாக அதைக் கண்டுபிடிப்பதில்லை. பெரியவர்களின் வரைதலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வருகிறார்கள்.

முதலில் கையைப் பற்றி. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன; அவை ஒவ்வொன்றாக எலும்பாகி முடியப் பத்து வயதை ஒட்டிவிடும். அதைவிட முக்கியமானது, விரல்களின் சிறு தசைகளுக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் இடையிலான ஒத்திசைவு மெல்ல மெல்லத்தான் கூடிவருகிறது என்பது. ஒன்றரை வயதுக் குழந்தை கிரேயானை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துத் தோளிலிருந்து கையை வீசும். பிறகு முழங்கையிலிருந்தும், அதன்பின் மணிக்கட்டிலிருந்தும், கடைசியாக விரல்களிலிருந்தும் அசைவு பிறக்கும். மூன்று விரல்களால் பென்சிலைப் பிடித்து விரல்களை மட்டும் அசைத்து எழுதுவது பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் அமைகிறது. ஒரு வட்டத்தைப் பார்த்து அதேபோல் வரைவது மூன்று வயதை ஒட்டியும், கூட்டல் குறியை வரைவது நான்கு வயதை ஒட்டியும், முக்கோணம் ஐந்தை ஒட்டியும் வரும் என்று குழந்தை மருத்துவர்கள் பொதுவாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு சில மாதங்கள் முன்னே பின்னே இருப்பது இயல்பு. முழங்கையிலிருந்து கையை அசைக்கும் குழந்தையிடம் மூன்று அங்குல ஆப்பிளைக் கொடுத்துக் கோட்டுக்குள் நில் என்பது, நடை பழகும் குழந்தையை வரப்பின் மேல் நடக்கச் சொல்வது போன்றது.

இனி கிறுக்கல். இந்தச் சொல்லையே நாம் வசையாகத்தான் வைத்திருக்கிறோம். கிறுக்கன், கிறுக்குத்தனம் எல்லாம் இதன் உறவினர்கள். குழந்தைக்கு அது விளையாட்டும் இல்லை, வீண் வேலையும் இல்லை, ஒரு கண்டுபிடிப்பு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சனும் பட்ரீசியா யோனாஸும் 1968-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வை ஆசிரியர் பயிற்சியில் நான் தவறாமல் சொல்வேன். ஒன்றேகால் வயதிலிருந்து மூன்று வயதுக்குச் சற்று மேல் வரையுள்ள குழந்தைகளுக்கு இரண்டு எழுதுகோல்களைக் கொடுத்தார்கள். பார்வைக்கும் பிடிக்கும் இரண்டும் ஒன்றுபோல. ஒன்று தாளில் தடம் விடும், மற்றது விடாது. கையை வீசுவதில் மட்டும் குழந்தைக்கு இன்பம் என்றால் எந்தக் கோலாக இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் தடம் விடாத கோலால் குழந்தைகள் மிகக் குறைவாகவே கிறுக்கினார்கள். தன் கை அசைந்த இடத்தில் முன்பு இல்லாத ஒன்று தோன்றி அங்கேயே தங்கிவிடுகிறது என்பதில்தான் அவர்களுடைய ஈர்ப்பு இருக்கிறது. உலகத்தில் தானே ஒன்றை உண்டாக்க முடியும் என்று குழந்தை அறியும் முதல் இடங்களுள் ஒன்று அந்தத் தாள்.

சான் பிரான்சிஸ்கோவின் மழலையர் பள்ளிகளில் பணியாற்றிய ரோடா கெல்லாக் என்ற அம்மையார் பத்து லட்சம் என்று சொல்லும் அளவுக்குச் சிறு குழந்தைகளின் ஓவியங்களைச் சேர்த்து, வகை பிரித்து, 1969-இல் நூலாக்கினார். அவர் கணக்கில் அடிப்படைக் கிறுக்கல்கள் 20. புள்ளி, நின்ற கோடு, கிடைக்கோடு, சாய்கோடு, வளைகோடு, விடாமல் சுற்றும் சுழி, தானாகவே மூடிக்கொள்ளும் வட்டம் என்று அவை போகின்றன. வட்டம் கைவந்ததும் அதற்குள் சிலுவைக் கோடு வரும். வட்டத்தைச் சுற்றிக் கதிர்கள் முளைத்துச் சூரியன் ஆகும். அந்தச் சூரியனுக்குள் இரண்டு கண்கள் வந்துவிட்டால் அது மனிதன். இந்த வரிசை எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படியே பொருந்தாது என்று பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். அந்த மறுப்பு சரியே; நான் பார்த்த குழந்தைகளிலும் சூரியனைத் தொடாமலே மனிதனுக்குத் தாவியவர்கள் உண்டு. ஆனால் கெல்லாக்கைப் படித்த பிறகு ஒரு கிறுக்கல் தாளை எடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று கண் தேடத் தொடங்கிவிடும். உங்கள் மகளின் தாள்களில் பத்தைத் தேதி வாரியாகத் தரையில் பரப்பிப் பாருங்கள். எல்லாம் ஒரே கிறுக்கலாக இருக்காது. எந்த வாரத்தில் சுழி வந்தது, எந்த வாரத்தில் அது மூடிய வட்டமானது, எப்போது ஒரு வட்டத்துக்குள் இன்னொன்றை வேண்டுமென்றே வைத்தாள் என்பதெல்லாம் தெரியும்.

இந்தக் கட்டத்தில் பெற்றோரைக் குழப்பும் ஒன்று உண்டு. குழந்தை கிறுக்கி முடித்துவிட்டு "இது பாட்டி" என்பாள். கால் மணி நேரம் கழித்துக் கேட்டால் அதே படம் பஸ் ஆகியிருக்கும். பொய் சொல்கிறாளோ, மறதியோ என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் ஹென்றி லூக்கே தன் சொந்த மகளின் ஓவியங்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்து 1913-இல் எழுதிய நூலிலிருந்து தொடங்கி இதை விரிவாக ஆராய்ந்தார். எதையும் மனத்தில் வைக்காமல் இழுத்த கோட்டில் தற்செயலாக ஏதோ ஒன்றின் சாயலைக் குழந்தை காண்கிறது. பிறகு அந்தச் சாயலை வேண்டுமென்றே கொண்டுவர முயல்கிறது. பல நாள் தோற்று, ஒரு நாள் பிடித்துவிடுகிறது. பாட்டி பஸ் ஆவது அந்தத் தேடலின் நடுவில் நிகழ்வது. சில வேளைகளில் படம் என்பதே ஒரு நிகழ்ச்சியாக இருக்கும். "பஸ் போகுது, போகுது, பிரேக்" என்று சொல்லிக்கொண்டே கிரேயானை ஓட்டிச் சென்று தாளில் குத்தி நிறுத்துவாள். முடிந்த பிறகு தாளில் பஸ் இருக்காது, ஒரு தடம்தான் இருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே அது பஸ் போன கதை என்று தெரியும்.

இதற்கு அடுத்ததாக, அநேகமாக இன்னும் சில மாதங்களில், உங்கள் வீட்டுக்கும் ஒரு மனிதர் வருவார்: பெரிய தலை, அதிலிருந்தே நேராகத் தொங்கும் இரண்டு கால்கள், வயிறு கிடையாது, கைகள் இருந்தால் அவையும் காதிலிருந்து முளைத்திருக்கும். உலகின் பல பகுதிகளில் மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் வரையும் இந்த உருவத்தை ஆய்வாளர்கள் தலைப்பிரட்டை மனிதன் என்றே அழைக்கிறார்கள். அவர் வந்ததும் "வயிறு எங்கே, கழுத்து எங்கே" என்று விசாரணை நடத்திவிடாதீர்கள். பாட்டிக்கு வயிறு உண்டு என்பது குழந்தைக்குத் தெரியும். கேட்டால் தொட்டுக் காட்டுவாள். தெரிந்ததையெல்லாம் தாளில் இறக்குவது வேறு வேலை, அதற்கு அவள் தானே வழி கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் சில ஆண்டுகளில் அம்மாவின் வயிற்றுக்குள் பாப்பா தெரிவதுபோலவும், சுவருக்கு உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரிவதுபோலவும் வரைவாள். கண்ணுக்குத் தெரிவதை விட்டு அறிவுக்குத் தெரிவதை வரைகிறார்கள் என்று லூக்கே இதைத்தான் சொன்னார்.

இப்போது நீங்கள் வரைந்து காட்டிய மயிலுக்கு வருகிறேன். வருத்தப்படாமல் படியுங்கள்; இந்தத் தவற்றை நானும் என் முதல் சில ஆண்டுகளில் அன்போடு செய்தவள்தான்.

நம் ஊரில் "ஒரு படம் வரை" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மலைகள், நடுவில் பாதிச் சூரியன், மலையிடுக்கிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் கூரை வீடு, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் பறவைகள் என்ற பெயரில் நாலைந்து வளைகோடுகள். திருச்சியிலும் அதுதான், தூத்துக்குடியிலும் அதுதான். கடலோரத்தில் பிறந்து, மலைக்கு நடுவில் சூரியன் உதிப்பதை ஒரு நாளும் பார்த்திராத பிள்ளையும் அதைத்தான் வரைகிறது. நானும் அதைத்தான் வரைந்தேன், நீங்களும் வரைந்திருப்பீர்கள். அதே பிள்ளையின் நான்கு வயதுத் தாளை யாராவது எடுத்துவைத்திருந்தால் அதில் வேறு எவரும் வரையாத ஒரு நாயோ, மாடிப்படியோ, மாமாவின் மோட்டார் சைக்கிளோ இருந்திருக்கும். இடையில் யாரோ ஒருவர் சரியான மலை எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து காட்டியதோடு அந்தத் தேடல் நின்றுபோனது.

பெரியவர் வரைந்த மயில் குழந்தைக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. மயில் என்றால் இப்படித்தான் இருக்கும் என்பது ஒன்று; உன் கையால் இது முடியாது என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தியைத்தான் உங்கள் மகள் "எனக்கு வராது" என்று மொழிபெயர்த்திருக்கிறாள். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக்கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலில் வண்ணம் தீட்டும் புத்தகங்களை எதிர்த்ததற்கும் இதே காரணத்தைத்தான் சொன்னார். அச்சிட்ட நாயைத் தீட்டிப் பழகிய குழந்தைக்குத் தான் வரையும் நாய் பிடிக்காமல் போய்விடும் என்பது அவர் கவலை. அவ்வளவு கடுமை எனக்கு இல்லை. ரயில் பயணத்தில் வண்ணம் தீட்டும் புத்தகம் ஒரு நல்ல பொழுதுபோக்கு. தீட்டப் பிடித்தால் தீட்டட்டும். அதை ஓவியம் என்றோ கற்பனைப் பயிற்சி என்றோ கணக்கில் எழுதிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

"நீயே போடும்மா" என்று கிரேயானை நீட்டும்போது என்ன செய்வது? மறுத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் குழந்தை அழும். வாங்கிக்கொள்ளுங்கள்; ஆனால் உருவம் வரையாதீர்கள். உங்கள் தாளில் நீங்களும் அவளைப்போலவே கோடு இழுத்து விளையாடுங்கள், மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று, அழுத்தமாக ஒன்று. மயில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மயிலைப் பற்றிப் பேசுங்கள். "மயிலுக்கு எது ரொம்ப நீளம்? எங்க பார்த்தோம் அதை? கத்தினா எப்படி இருக்கும்?" என்று கேட்டால், அவள் தோகையை மட்டும் நீளமாக இழுக்கத் தொடங்குவாள். தலை இல்லாத, தோகை மட்டுமே உள்ள ஒரு மயில் பிறக்கும். அது அவளுடையது. இந்த நிலைக்கு அவள் திரும்பி வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நடுவில் ஓவியத்தையே விட்டுவிட்டு மண்ணில் விளையாடினாலும் நட்டமில்லை.

பரிசும் பாராட்டும் இன்னொரு பெரிய இடறல். இதைப் பற்றி 1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் அதை நடத்தினார்கள். ஸ்கெட்ச் பேனாக்களால் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள 3 முதல் 5 வயது வரையிலான 51 குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவிடம், வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். இரண்டாம் பிரிவிடம் எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் அதே பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்திருந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. பரிசுக்காக வரைந்த படங்களின் தரமும் மற்றவர்களுடையதைவிடத் தாழ்வாக இருந்தது. பிடித்துச் செய்ததைக் கூலிக்குச் செய்யும் வேலையாக மாற்றிவிட்டால், கூலி நின்றதும் வேலையும் நின்றுவிடுகிறது. எல்.கே.ஜி. குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி வைத்து, அம்மாக்கள் வாசலில் நின்றுகொண்டு "மரத்துக்குப் பச்சை, பச்சை" என்று சைகை காட்டும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆய்வுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

"சூப்பர்" என்ற சொல்லும் சிறிய சான்றிதழ்தான். ஒவ்வொரு தாளுக்கும் சூப்பர் சொல்லிப் பழக்கினால், குழந்தை தாளைப் பார்ப்பதை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்குவாள். அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். தாளில் உண்மையில் இருப்பதைப் பார்த்துச் சொல்லுங்கள். "இந்த மூலையில ரொம்ப அழுத்திப் போட்டிருக்கியே", "நீலத்து மேல மஞ்சள் பட்டதும் அங்க ஒரு பச்சை வந்திருக்கு பாரு", "இத்தனை வட்டமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா போயிருக்கு" என்பவை போதும். "என்ன படம் இது?" என்ற கேள்வியையும் குறைத்துக்கொள்ளுங்கள், பல வேளைகளில் அது எதுவும் இல்லை, வெறும் நீலம்தான். "இதைப் பத்திச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால், சொல்ல இருப்பவள் சொல்வாள்.

பொருள்களைப் பற்றித்தான் அதிகம் பேச ஆசை, ஏனென்றால் கற்பனை வளர்வது பெரும்பாலும் பொருளின் வழியாகத்தான். இருபத்து நான்கு வண்ணப் பெட்டி வாங்க வேண்டாம். தடித்த மெழுகுக் கிரேயான் நான்கு நிறம் போதும். ஒவ்வொன்றையும் இரண்டு அங்குலத் துண்டாக உடைத்துவிடுங்கள். துண்டு சிறிதாக இருந்தால் உள்ளங்கையில் பொத்திப் பிடிக்க முடியாமல் விரல்கள் தாமாகவே வேலைக்கு வரும். தாள் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அசைவு முழங்கையிலிருந்து வருகிறது. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தை மிஞ்சிய தாள் எதுவும் இல்லை: கனமானது, வெள்ளையானது, இலவசம். தரையில் விரித்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். சுவரில் கிறுக்குகிறாள் என்று எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், ஆனால் கிறுக்கியிருப்பாள். வாடகை வீடாக இருந்தால் அவள் கைக்கு எட்டும் மூன்றடி உயரத்துக்குச் சார்ட் தாள் ஒட்டி "இந்தச் சுவர் உன்னோடது" என்று எல்லை காட்டிவிடலாம். நின்றுகொண்டு சுவரில் வரைவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்ல பயிற்சி. சிலேட்டும் சாக்பீஸும் வழக்கொழிந்த பொருள்கள் அல்ல. அழித்து அழித்துப் போடலாம் என்பதால் தவறு செய்யும் பயம் அதில் இல்லை. உங்கள் மகளின் இன்றைய மனநிலைக்கு அது நல்ல மருந்து.

மாலையில் மொட்டை மாடிக்கு ஒரு சின்ன வாளித் தண்ணீரும், சுவருக்கு வெள்ளையடிக்கும் பழைய பட்டைத் தூரிகையும் எடுத்துச் செல்லுங்கள். சூடான சிமெண்ட் தரையில் தண்ணீரால் அவள் இழுக்கும் கோடு கறுப்பாகத் தெரிந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மறையும். மறைவதற்குள் அடுத்ததை இழுக்க ஓடுவாள். அரை மணி நேரம் போவதே தெரியாது, துடைக்கவும் எதுவும் இருக்காது.

சமையலறையிலேயே நிறங்கள் இருக்கின்றன. மஞ்சளைத் தண்ணீரில் கரைத்தால் ஒரு நிறம். அதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் செம்பழுப்பாக மாறும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீலத்தில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் ஊதாவாகி, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறும் கணத்தில் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இதைச் செய்யலாம். ஆரத்திக்குச் செய்வதுபோல் மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தாலும் சிவக்கும். ஆனால் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும், குழந்தை கைக்கு வேண்டாம். கடையில் விற்கும் வண்ணக் கோலப்பொடியும் குங்குமமும் வேண்டாம். எதைக் கலந்திருக்கிறார்கள் என்பது தெரியாது, இந்த வயதுக் கை நேரே வாய்க்குப் போகும். ஒட்டு வேலைக்கு விதைகளைக் கொடுக்கும் பழக்கம் சில பள்ளிகளில் உண்டு. குன்றிமணியைக் கண்டிப்பாகத் தவிருங்கள்; அழகாக இருக்கும் அந்த விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டை, பட்டன், மணி போன்றவற்றை மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை இருக்கும் வீட்டில் எடுக்கவே வேண்டாம்.

களிமண்ணை ஏனோ நாம் பிள்ளையார் சதுர்த்தியோடு நிறுத்திவிடுகிறோம். அச்சுப் பிள்ளையார் விற்பவரிடமோ பானை வனைபவரிடமோ ஒரு உருண்டை வாங்கி, ஈரத் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் பல வாரம் வரும். கோட்டில் "எனக்கு வராது" என்று சொல்லும் குழந்தைகள் மண்ணில் அப்படிச் சொல்வதில்லை என்பதை மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். மண்ணில் தவறான கோடு என்று ஒன்று கிடையாது, பிடிக்காவிட்டால் உருட்டிவிடலாம். பாம்பு, உருண்டை, அப்பளம் மூன்றும் கைவந்துவிட்டால் உலகத்தில் பாதியைச் செய்துவிடலாம். பிசுபிசுப்பைத் தொட அருவருக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்தாமல் சப்பாத்தி மாவிலிருந்து தொடங்கலாம்.

வீட்டு வாசலில் கோலம் போடுகிறீர்களா என்று தெரியவில்லை. போடுகிறீர்கள் என்றால் அவளுக்கும் ஒரு கொட்டாங்கச்சியில் அரிசி மாவு கொடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவைக் கிள்ளி விடும் அந்தப் பிடிதான் நாளை பென்சில் பிடிக்கும் பிடிக்கு அடித்தளம். புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடும் வயது இல்லை இது. கொட்டுவாள், கலைப்பாள், அதன் மேல் உட்காருவாள். உங்கள் கோலத்தின் ஓரத்தில் அவள் கொட்டிய மாவை, பக்கத்து வீட்டார் பார்ப்பார்களே என்று பெருக்கிவிடாமல் இருந்தால் நல்லது.

செய்யும் நேரம் பற்றி ஒன்று. இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்தின் மழலையர் பள்ளிகளைக் குழந்தைக் கல்வி பற்றிப் படிக்கும் எவரும் தவறவிட முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல், அருகிலுள்ள ஒரு சிற்றூர் மக்கள் ஜெர்மானியர்கள் விட்டுச்சென்ற ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். அங்கே சைக்கிளில் போய்ப் பார்த்த லோரிஸ் மாலகுட்சி என்ற இளம் ஆசிரியர் அந்த இயக்கத்தோடே வாழ்ந்துவிட்டார். 1963-இல் நகராட்சியின் முதல் மழலையர் பள்ளி திறக்கப்பட்டது. அந்தப் பள்ளிகளில் கலைப் பயிற்சி பெற்ற ஒருவரும், பொருள்கள் நிறைந்த ஒரு பட்டறை அறையும் இருப்பார்கள். அவர் ஓவியம் சொல்லித்தருபவர் அல்லர். குழந்தை எதைத் தேடுகிறது என்று பார்த்து அதற்கேற்ற பொருளை எடுத்துவைப்பவர். குழந்தைகள் பேசுவதை ஆசிரியர்கள் அப்படியே எழுதிவைப்பார்கள். நேற்றைய வேலையை இன்று தொடரலாம் என்பதால் அது மேசையிலேயே இருக்கும். இவற்றுள் கடைசி இரண்டும் காசில்லாமல் நம் வீட்டில் செய்யக்கூடியவை. தாளின் பின்பக்கத்தில் தேதியையும் அவள் சொன்ன சொற்களையும் அப்படியே எழுதுங்கள். பாதியில் விட்டதை ஒழுங்குபடுத்துகிறேன் என்று எடுத்துவிடாமல், ஒரு மூலையில் இரண்டு நாள் அப்படியே கிடக்க விடுங்கள்.

மாண்டிசோரி பள்ளிக்கு மாற்றினால் சரியாகிவிடுமா என்று சிலர் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தி, போர்க்காலம் முழுதும் இந்தியாவிலேயே தங்கிய மரியா மாண்டிசோரி, இஷ்டம்போல் வரைய விடுவதைப் பெரிதாக நம்பியவர் அல்லர். கையையும் கண்ணையும் முதலில் பழக்க வேண்டும், வரைதல் அதன் பலனாகத் தானே வரும் என்பது அவர் எண்ணம்; உலோகச் சட்டங்களின் ஓரமாகக் கோடு இழுக்கும் பயிற்சி அதற்காகத்தான். கையைப் பழக்குவது பற்றி அவர் சொன்னது எனக்கு உடன்பாடு. ஆனால் அதை வீட்டு ஓவிய நேரத்தோடு சேர்க்க மாட்டேன். பூத் தொடுப்பது, பட்டாணி உரிப்பது, பட்டன் போடுவது ஆகியவற்றிலேயே விரல்களுக்கு வேண்டிய பயிற்சி கிடைத்துவிடுகிறது.

அவள் கறுப்பை மட்டுமே எடுக்கிறாள் என்று கேள்வியின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கறுப்பு மனச்சோர்வின் அடையாளம் என்று சுற்றிவரும் காணொளிகளை நம்ப வேண்டாம். வெள்ளைத் தாளில் மிகத் தெளிவாகத் தடம் விடுவது கறுப்பு. கிப்சன் ஆய்வை நினைவில் வைத்திருந்தால் இது வியப்பாகவும் இருக்காது. பேச்சு, விளையாட்டு, உறக்கம், உணவு ஆகியவற்றில் மாற்றம் தெரிந்தாலோ, முன்பு செய்ததைக் கை இப்போது செய்ய மறுத்தாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஒரு நிறத்துக்காகப் போக வேண்டாம். தொட்டால் நிறம் தானாக நிரம்பும் கைப்பேசிச் செயலிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை; அவற்றில் கோட்டைத் தாண்டவே முடியாது, அதனாலேயே அவை இந்த வேலைக்கு உதவா.

கடைசியாகப் பள்ளியும் வகுப்பும். பள்ளியோடு சண்டைக்குப் போக வேண்டாம். தேசியக் கல்விக் கொள்கை 2020-உம், அதன்படி 2022-இல் வந்த அடித்தள நிலைப் பாடத்திட்டச் சட்டகமும் மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழிக் கற்றலைத்தான் வலியுறுத்துகின்றன என்பது ஆசிரியருக்கும் தெரியும். ஆனால் முப்பது குழந்தைகள், நிரப்ப வேண்டிய புத்தகம், அதைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கும் பெற்றோர் ஆகியவர்களுக்கு நடுவில் அவர் இருக்கிறார். நேரில் பார்த்து, "அவள் தீட்டியதை எப்படி இருந்தாலும் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், திருத்த வேண்டாம், கை பிடித்துத் தீட்ட வேண்டாம்" என்று தணிவாகச் சொல்லுங்கள். பெற்றோரே கேட்கவில்லை என்றால் பாதி ஆசிரியர்கள் நிம்மதியாக விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வரும் ஆப்பிள் தாளை வீட்டுப்பாடமாகவே வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். உங்கள் கையால் சரிசெய்து அனுப்பாதீர்கள். திருத்தப்பட்ட ஆப்பிளை அவள் அடையாளம் கண்டுகொள்வாள்.

ஓவிய வகுப்புகள் பெரும்பாலும் பார்த்து வரையும் வகுப்புகளாகவே இருக்கின்றன. அந்தப் பயிற்சிக்கு ஒரு காலம் வரும். எட்டு, ஒன்பது வயதில் குழந்தை தன் படத்தைத் தானே பார்த்து, "மேசை மேசை மாதிரி இல்லையே, தூரத்துல இருக்கிறதை எப்படிப் போடுறது?" என்று கேட்பாள். அப்போது தூரம் காட்டுவதும் நிழல் இடுவதும் கற்றுத்தரும் நல்ல ஆசிரியர் ஒருவரைத் தேடுங்கள். அதுவரை அந்த வகுப்புக்கான கட்டணத்தில் மாதம் ஒரு உருண்டைக் களிமண்ணும் நான்கு கிரேயானும் வாங்கலாம். மயில் வரையும் யூடியூப் காணொளியை இன்றே நிறுத்திவிட்டு, நாளை மாலை மாடிக்கு அந்தத் தண்ணீர் வாளியோடு தொடங்குங்கள்.